தலை குனிந்து மோதியவன்

இந்த வருடம் பயிற்றுநர் வகுப்பை முடித்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நீங்கள் ஏழு பேர். ஹேண்ட்போலுக்கு ஒருவர், நீச்சலுக்கு ஒருவர், உதைபந்தாட்டத்துக்கு மூவர். மற்ற இருவரும் நான் வாழ்நாளைச் செலவழித்த அமெரிக்கன் ஃபுட்போலுக்கு வருகிறீர்கள். நான் மைதானத்தை விட்டு இரண்டு வருடமாகிறது. "உங்கட அனுபவங்களைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ அங்கிள்" என்று கேட்டீர்கள். டென்மார்க்கில் வளர்ந்த ஐந்தடி ஏழங்குல யாழ்ப்பாணத்துப் பெடியன் அமெரிக்காவுக்குப் போய் அந்த விளையாட்டை எப்படி விளையாடினான் என்ற கதையைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதை எழுதாமல் இதை மட்டும் எழுதினால் நான் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

நான் டென்மார்க்கில் பிரெடெரிசியா என்ற ஊரில் வளர்ந்தவன். அப்பா முன்னரே வந்து தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். பத்து வயதில் அம்மாவோடு வந்து சேர்ந்தேன். பதினேழு வயதில் மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருடம் அமெரிக்கா போனேன். என்னை வைத்திருந்த குடும்பத்தின் ஊரில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் எல்லாரும் மைதானத்தில்தான். நான் வேகமாக ஓடுவதைக் கண்ட ஒருவர் ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டிவிட்டார். அதன் பிறகு அங்கேயே ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்து நான்கு வருடம் விளையாடினேன். சோளக் காட்டுக்கு நடுவில் இருந்த கல்லூரி. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வரும் ஆட்களை விட வேலிக்கு அப்பால் நிற்கும் மாடுகள் அதிகம் என்று நாங்களே பகிடி பண்ணுவோம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: பந்தை ஏந்தி ஓடுகிறவனை மோதி விழுத்த வேண்டும். நான் கடைசி வரிசையில் நிற்பவன். முன்னால் நிற்பவர்கள் எல்லாரையும் தாண்டி வருகிறவனை நான்தான் விழுத்த வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

அங்கே எனக்கு ஒரு பயிற்றுநர் இருந்தார். அவருடைய பெயரை எழுதவில்லை. ஏன் என்பது பிறகு விளங்கும். என் உயரத்தைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர். "நீ சின்ன ஆள். அதனால் உன் முழு உடம்பும் ஒரு புள்ளியில் போய் இடிக்க வேண்டும். தலையைக் கொண்டுபோய்ப் பந்தின்மேல் வை. உடம்பு தானாகப் பின்னால் வரும்" என்பார். அப்படித்தான் மோதினேன். பெரிய பெரிய ஆட்கள் விழுந்தார்கள். இரண்டாம் வருடப் பனிக்காலத்தில் அப்பா பிரெடெரிசியாவில் இறந்துபோனார். அந்த மனிதர் ஐந்து மணித்தியாலம் பனிக்குள் கார் ஓட்டி என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். வழியில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் திரும்பி வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் டென்மார்க்குக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த மனிதர் நெருப்பில் குதி என்றாலும் குதித்திருப்பேன். அவர் சொல்லித் தந்ததைச் சந்தேகப்பட எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

படிப்பு முடிந்து டென்மார்க் வந்தேன். பகலில் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியர், பின்னேரத்தில் பயிற்றுநர். மேற்குக் கரைப் பக்கம், எஸ்பியர்க்கிலிருந்து அரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் உள்ள ஒரு சிறிய கழகத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஊரின் பெயரும் வேண்டாம், கழகத்தின் பெயரும் வேண்டாம். அங்கே நடந்தது என் பிழை.

ஜெரோம் எங்களிடம் வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. எலெக்ட்ரீஷியன் வேலை பழகிக்கொண்டிருந்தான். மன்னார்க் குடும்பம், எஸ்பியர்க்கில் இருந்தார்கள். தகப்பன் மரியதாஸ் அண்ணை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. தாய் மீன் தொழிற்சாலையில். மகன் இந்த விளையாட்டுக்கு வருவது இருவருக்கும் துளியும் பிடிக்கவில்லை. நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் இருந்து கதைத்தேன்.

"பயப்படாதேங்கோ அண்ணை. நான் நிக்கிறன்தானே. நான் பாத்துக்கொள்ளுவன்" என்றேன்.

மரியதாஸ் அண்ணை மனைவியைப் பார்த்தார். பிறகு, "தம்பி சொல்லுறார் எண்டா சரி" என்றார்.

அந்தச் சொல்லின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை. வாசற்படி இறங்கும்போது நல்ல ஆள் ஒருவன் கிடைத்தான் என்ற சந்தோசம்தான் இருந்தது.

ஜெரோமும் சின்ன ஆள்தான். கடைசி வரிசையில் நிறுத்தினேன். நான் கற்றதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் என்னை விட நன்றாக மோதினான். அவன் மோதினால் கேட்கும் சத்தமே வேறு. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் "ஓ" என்று எழும்பிவிடுவார்கள். இரண்டாவது சீசனில் நாங்கள் வென்ற ஆட்டங்களில் பாதி அவனால் வென்றவை.

எங்கள் கழகத்தில் மெட்டெ என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தாள். சம்பளமில்லாமல் வருகிறவள். முன்பு ரக்பி விளையாடியவள்; ஹெல்மெட் இல்லாத விளையாட்டு என்பதால் அங்கே தலையை எங்கே வைப்பது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து மைதானத்தில் அடையாளத்துக்கு வைத்த கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள்.

"ஜெரோம் மோதுவதற்கு முந்தின கணம் தலையைக் குனிகிறான். கண் நிலத்தைப் பார்க்கிறது. உச்சந்தலையால் இடிக்கிறான், கழுத்து முறியும். நீ பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்" என்றேன்.

உண்மையில் பார்த்திருந்தேன். நான் சொல்லிக் கொடுத்தது முகத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு போவது. அவன் வேகம் கூடக் கூட, கடைசிக் கணத்தில் தலை தானாகக் கீழே போனது. தலையை முன்னால் அனுப்பினால் அது அப்படித்தான் போகும்.

"பார்த்துவிட்டு?"

"சீசன் முடியட்டும். இப்போது மாற்றினால் தயங்குவான். தயங்குகிறவனுக்குத்தான் அடிபடும்."

இதுவும் கல்லூரியில் கேட்டதுதான். மெட்டெ என் கையிலிருந்த கூம்புகளை வாங்கினாள். "நீதான் பயிற்றுநர். நான் சொல்லிவிட்டேன்" என்று கூம்புகளை அடுக்கிக்கொண்டு போனாள்.

நான் ஏன் அன்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். சோம்பல் இல்லை. அறியாமையும் இல்லை. அவன் வென்று தந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். தோற்க வைக்கும் பிழையை எந்தப் பயிற்றுநரும் அன்றைக்கே திருத்துவான். வெல்ல வைக்கும் பிழை இருக்கிறதே, அதைத் தொடக் கை வராது.

மூன்று கிழமை கழித்து, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடல் பக்கமிருந்து காற்று, நடுநடுவே தூறல். இரண்டாவது பாதி தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். எதிரணியில் கனத்த பெடியன் ஒருவன் பந்தோடு எங்கள் வரிசையை உடைத்துக்கொண்டு வந்தான். ஜெரோம் நேரே ஓடினான். தலை கீழே போனதை நான் கண்டேன். அந்தப் பெரிய சத்தம் அன்று கேட்கவில்லை. சின்னதாக ஒரு சத்தம். மற்றவன் விழுந்து, உருண்டு, எழும்பினான். ஜெரோம் எழும்பவில்லை.

நான் போனபோது மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. கைகள் இரண்டும் யாரோ பக்கத்தில் வைத்துவிட்டுப் போன பொருள்கள் மாதிரிக் கிடந்தன. எங்கள் பெடியள் இரண்டு பேர் அவனைத் தூக்கி உட்கார வைக்கக் குனிந்தார்கள். "தொடவேண்டாம்!" என்று மெட்டெ பின்னாலிருந்து கத்தினாள். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் தூக்கியிருப்பார்கள். நானும் தடுத்திருப்பேனா தெரியாது.

அவள் எனக்கு இரண்டே வசனம் சொன்னாள். "தலைமாட்டில் முழங்கால் போட்டு இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடி. அம்புலன்ஸ் ஆள் சொல்லும்வரை விடாதே."

பிடித்தேன். அவள் முகக் கம்பியை மட்டும் கழற்றி எடுத்தாள். ஹெல்மெட்டைத் தொடவில்லை.

ஜெரோம் என்னோடு எப்போதும் டேனிஷில்தான் கதைப்பான். "கோச்" என்றுதான் கூப்பிடுவான். அன்று தமிழில் கதைத்தான்.

"அங்கிள், எனக்குக் கால் விளங்கேல்லை."

"அசையாதை. நான் பிடிச்சிருக்கிறன்."

"கையும் விளங்கேல்லை அங்கிள். மூச்சு எடுக்கக் கஷ்டமா இருக்கு. இதைக் கழட்டிவிடுங்கோ."

மெட்டெயிடம் அதை டேனிஷில் சொன்னேன். தலையை ஆட்டினாள். கழுத்து அசையும்; கழற்றக் கூடாது. அந்தப் பெடியன் மூச்சுத் திணறுகிறது என்கிறான். ஒரு பட்டியை இழுத்தால் ஹெல்மெட் வந்துவிடும். என் உடம்பு முழுவதும் அதைச் செய் என்கிறது. செய்யாமல் இருந்தேன். பயிற்றுநராக நான் செய்த மிகக் கடினமான காரியம் அந்தச் செய்யாமைதான்.

"மெல்லமா எடு. என்னோட சேர்ந்து எடு" என்று அவனுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய் மூச்சு விட்டுக் காட்டினேன். அவனும் விட்டான்.

அம்புலன்ஸ் வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. தூறல் மழையானது. யாரும் சொல்லாமலே எதிரணிப் பெடியள் வந்து எங்களைச் சுற்றி நெருக்கமாக நின்று, தங்கள் மழைச்சட்டைகளைக் கழற்றி மேலே பிடித்தார்கள். மோதி விழுந்த அந்தக் கனத்த பெடியன் முன்வரிசையில் நின்று அழுதுகொண்டு பிடித்தான்.

"நான் நடப்பனோ?" என்று ஜெரோம் கேட்டான்.

ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே பார்ப்பான், தலையைத் திருப்ப முடியாது.

"எனக்குத் தெரியாது ஜெரோம். ஆனா கையை எடுக்கமாட்டன்."

"எடுக்காதேங்கோ" என்றான்.

என் கை மரத்துப் போனது. மாறிப் பிடிக்கவா என்று மெட்டெ கேட்டாள். மாறும்போது அசைந்தால்? வேண்டாம் என்றேன். கடைசியில் அம்புலன்ஸ் ஆள் வந்து தன் கைகளை என் கைகளுக்குக் கீழே நுழைத்து, "இப்போது என்னிடம் தா" என்று மெதுவாகச் சொன்னான்.

வைத்தியசாலைக்கு மரியதாஸ் அண்ணை வேலைச் சட்டையோடு வந்தார். நெஞ்சில் பெயர் அட்டை. மனைவியை உறவினர் ஒருவர் கூட்டி வந்துகொண்டிருந்தார். சத்திரசிகிச்சை அறை வாசலில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"நான் ஒவ்வொரு நாளும் ஆக்களைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கிறனான் தம்பி" என்றார். "ஒரு பக்கமா விட்டா புண் வந்திடும். சாப்பாடு தீத்தி, கழுவி... எனக்கு இந்த வேலை தெரியும். என்ட பிள்ளைக்குச் செய்ய வேண்டி வருமெண்டு நினைக்கேல்லை."

பெயர் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கட பெடியன் பிழையா விளையாடினவனோ?"

"இல்லை அண்ணை. இது... விபத்து. விளையாட்டிலை நடக்கிறது."

அவர் தலையசைத்தார். என்னை நம்பினார். அந்தப் பதில்தான் நான் செய்த இரண்டாவது பிழை. முதலாவதை விடப் பெரியது என்று இப்போது நினைக்கிறேன்.

கழுத்து முள்ளெலும்பு ஒன்று உடைந்திருந்தது. நரம்பு அறுபடவில்லை, நசுங்கி வீங்கியிருந்தது. மூன்றாம் நாள் வலது கால் பெருவிரல் அசைந்தது. பிறகு கணுக்கால். மறுவாழ்வு நிலையத்தில் மாதக்கணக்கில் இருந்து, முதலில் கம்பியைப் பிடித்து, பிறகு தடியோடு, பிறகு தடியில்லாமல் நடந்தான். இடது கை முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு விரல்கள் மடங்கமாட்டா. வயரைப் பிடித்து முறுக்க முடியாதவன் எலெக்ட்ரீஷியன் ஆக முடியாது. அந்தத் தொழில் அவனுக்கு அதோடு முடிந்தது.

கழகத் தலைவர் நல்ல மனிதர். "விபத்து என்று சொல்லுவோம். அதுதானே உண்மை" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். மெட்டெ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேனே என்றும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்டங்களைக் கமராவில் எடுத்து வைப்போம். இரண்டு கிழமை கழித்துப் பாடசாலையில் ஆளில்லாத வகுப்பறை ஒன்றில் இருந்து அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். பிறகு அதற்கு முந்தினது. அதற்கும் முந்தினது. ஒவ்வொன்றிலும் அவன் தலை கீழே போகிறது. ஒரு இடத்தில் மிக மோசமாகக் குனிந்து மோதி, அடிபட்டவன் தூக்கி எறியப்படுகிறான். கமராவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் டேனிஷில் கத்துகிறது: "அருமை ஜெரோம்! அப்படித்தான்!"

அது என் குரல்.

வீடியோவை நிறுத்தினேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேரே எஸ்பியர்க்குக்கு ஓட்டினேன்.

மரியதாஸ் அண்ணையின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மகனுக்குக் கால் அசையத் தொடங்கிய நேரம் என்பதால் அந்த வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அவர் எனக்கு நன்றி சொன்னார், மைதானத்தில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்ததற்காக. நான் தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு நான் சரியாப் பதில் சொல்லேல்லை. அவன் தலையைக் குனிஞ்சு மோதுறதை நான் முதலே கண்டனான். மெட்டெயும் சொன்னவ. நான் திருத்தேல்லை. வெல்லுறம் எண்டு விட்டிட்டன்."

 தாய்தான் முதலில் கதைத்தார். சத்தம் போடவில்லை.

"நீங்கள் எங்கட ஆள் எண்டுதானே விட்டனாங்கள்."

இதை எழுதும்போதும் எனக்கு அது கேட்கிறது. ஒரு டேனிஷ்காரப் பயிற்றுநர் என்றால் அவர்கள் மகனை விட்டிருக்கமாட்டார்கள்.

"இதை ஏன் இப்ப வந்து சொல்லுறியள்?" என்றார் மரியதாஸ் அண்ணை.

"நீங்கள் கேட்டனீங்கள் அண்ணை."

"ஓம். கேட்டனான்." எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "போயிட்டு வாங்கோ" என்றும் சொல்லவில்லை. நான் செருப்பைப் போட்டு முடியும்வரை பொறுத்து நின்று, கதவைச் சாத்தினார்.

அவர் என்னோடு பிறகு கதைக்கவில்லை. எஸ்பியர்க்கில் ஒரு கலியாண வீட்டில் கண்டோம். என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அது மன்னிப்பா, வெறும் மரியாதையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போய்க் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சொன்ன அந்தக் கிழமைதான் அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பயிற்றுநருக்கு எண்பது தாண்டியிருந்தது. என் குரலைக் கேட்டதும் சந்தோசப்பட்டார். நடந்ததை முழுதாகச் சொன்னேன். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ" என்றேன்.

"இருக்கிறேன்" என்றார். பிறகு, "எனக்கும் ஒருவன் இருந்தான். நீ வருவதற்கு நான்கு வருடம் முன்பு."

"என்ன ஆனது?"

"அவன் எழும்பவில்லை. சக்கர நாற்காலி. பத்து வருடம் இருந்தான்."

"எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் பயந்து விளையாடியிருப்பீர்கள். பயந்து விளையாடுகிறவனுக்குத்தான் அடிபடும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்" என்றார்.

நான்கு வருடம் அந்த மனிதர் எங்கள் முன்னால் நின்று, தலையைப் பந்தின்மேல் வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த அந்த ஒருவனை ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார். என்னைப் பனிக்குள் ஐந்து மணித்தியாலம் ஏற்றிப்போனவரும் அவர்தான். இரண்டையும் ஒரே மனிதருக்குள் வைத்துப் பார்க்க எனக்குப் பல வருடம் எடுத்தது. அடுத்த வருடம் அவர் காலமானார். நான் அழுதேன். கோபமும் போகவில்லை.

அவர் எங்களுக்கு அதைச் சொல்லியிருந்தால் நான் மெட்டெக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வேறு பதில் சொல்லியிருப்பேன். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். வென்ற கதைகளை நீங்கள் எங்கேயும் கேட்கலாம். மூத்த பயிற்றுநர் ஒருவரிடம் போனால், "உங்கட கையில ஆருக்கு அடிபட்டது?" என்று கேளுங்கள். யாருக்கும் இல்லை என்று சொன்னால், அவருடைய மற்ற அறிவுரைகளையும் கொஞ்சம் கவனமாக எடுங்கள்.

நான் தலைமைப் பயிற்றுநர் பதவியை விட்டேன். விளையாட்டையே விடத்தான் நினைத்தேன். விபத்து நடந்த அந்த வருடப் பனிக்காலத்தில் ஜெரோம் தடி ஊன்றி மைதானத்துக்கு வந்தான். பழையபடி டேனிஷில் கதைத்தான். தகப்பன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஆட்டங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். அதே வகுப்பறையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து, என் குரல் வரும் இடம் உட்பட, எல்லாவற்றையும் காட்டினேன்.

"நீங்கள் நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனா தெரியாது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்" என்றான். பிறகு, "ஆனாலும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்" என்றான்.

"ஓம்" என்றேன்.

"விட்டுவிட்டுப் போகப்போகிறீர்களாம்."

"யோசிக்கிறேன்."

"நீங்கள் போனால் அடுத்து வருகிறவர் இதை முதலிலிருந்து பழக வேண்டும். அதற்கு என்னைப் போல இன்னொருவன் வேண்டியிருக்கும்."

ஆறுதல் சொல்ல வந்தவன் போல அவன் கதைக்கவில்லை. கணக்கு ஒன்று பிழையாகிவிட்டதைக் காட்டுகிறவன் போலக் கதைத்தான். இன்று அவன் கட்டடங்களுக்கு மின்சார வரைபடம் போடும் வேலையில் இருக்கிறான். கல்யாணமாகிவிட்டது. நான் இதை எழுத முன் அவனிடம் கேட்டேன். "பெயரை மாற்றிவிட்டு எழுதுங்கள்" என்றான். மாற்றியிருக்கிறேன்.

நான் மாணவனாகத் திரும்பிப் போனேன். நாற்பது தாண்டிய வயதில் மெட்டெயிடம், தலையை ஒதுக்கித் தோளால் விழுத்துவது எப்படி என்று ஒரு முழுப் பனிக்காலம் கற்றேன். பெடியள் சிரித்தார்கள். அந்தப் பெரிய சத்தம் வராது. பார்க்கிறவர்கள் எழும்பமாட்டார்கள். ஆனால் பந்தோடு வருகிறவன் விழுவான். மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பவும் தலைமைப் பொறுப்பை எடுத்தேன்.

இனிக் கடைசிச் சம்பவம். என் கடைசி சீசன். ராஸ்மஸ் என்ற இருபத்திரண்டு வயது டேனிஷ்காரன் எங்கள் மிகச் சிறந்த தடுப்பாளன். வேறு கழகத்தில் பழகி வந்தவன். தலை குனியும் பழக்கம் அவனுக்கும் இருந்தது. மாதக்கணக்காகத் திருத்தினோம், பெரும்பாலும் திருந்தியிருந்தான். கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடுவோம். பதற்றத்தில் பழைய பழக்கம் திரும்பி வந்தது. முதல் முறை குனிந்தபோது கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டாவது முறை குனிந்தபோது வெளியே எடுத்தேன்.

"சரி, இனிச் செய்யமாட்டேன். உள்ளே விடு" என்றான்.

"இன்று இல்லை."

"இது என் கழுத்து!"

"உன் கழுத்துத்தான். ஆனால் உன்னை உள்ளே அனுப்புகிறவன் நான்."

கழகத் தலைவர் இரண்டு முறை கோட்டருகே இறங்கி வந்தார். என் பெடியள் என்னைப் பார்க்காமல் நின்றார்கள். ராஸ்மஸ் நின்றிருக்க வேண்டிய இடத்தால் எதிரணி இரண்டு முறை ஓடிப் போய்ப் புள்ளி எடுத்தது. தோற்றோம். கீழ்ப் பிரிவுக்குப் போனோம். அந்த ஆண்டு ஐந்து பேர் கழகத்தை விட்டார்கள். ராஸ்மஸ் கோபன்ஹேகன் பக்கம் ஒரு கழகத்துக்குப் போனான். இன்றும் விளையாடுகிறான், அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. என்னைக் கோழை என்று அங்கே சொல்லித் திரிகிறான் என்று கேள்விப்பட்டேன். இருக்கலாம். அன்று அவனை உள்ளே விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காமல் இருக்கலாம். நீங்கள் எடுக்கும் சரியான முடிவுகள் பலவற்றுக்கு அத்தாட்சி ஒருநாளும் கிடைக்காது. பிழையான முடிவுக்குத்தான் அத்தாட்சி வரும்.

ஆட்டம் முடிந்து யாரும் எனக்குக் கை தரவில்லை. ராஸ்மஸ் பையைத் தோளில் எறிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போனான். ஈரப் புல்லின் மேல் காலை ஓங்கி ஓங்கி வைத்து, கார்த் தரிப்பிடம் வரை ஒருமுறையும் திரும்பிப் பாராமல் நடந்தான். கார்க் கதவை அவன் அடித்துச் சாத்திய சத்தம் மைதானத்தின் மறுகரை வரை கேட்டது.

நான் கோட்டருகில் நின்று அவன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் அவ்வளவு கோபத்தோடு என்னை விட்டு நடந்து போவதைப் பார்த்து என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதிப்பட்டதில்லை.